டைராடு முனையில் ஒரு தோல் வட்டு

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்னும் சிக்னலில் நிற்கும் கார்களில் முன் சக்கரங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஓட்டுபவர் முகம் அப்புறம்தான். இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, ஒன்று மட்டும் வெளியே விலகி நிற்கிறதா, டயரில் உள் ஓரம் தேய்ந்திருக்கிறதா, வெளி ஓரமா என்று பார்த்து முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். மகன் காரில் போகும்போது கீழே 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். "அப்பா, அது ஸ்பீட் பிரேக்கர்" என்பான். ஸ்பீட் பிரேக்கர் என்று எனக்கும் தெரியும். அடுத்த ஸ்பீட் பிரேக்கர் வரும்வரை காத்திருப்பேன்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்தவன். ஜனங்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். பெரும்பாலான வருடங்கள் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவிலுள்ள அலுவலகங்களில் கழிந்தன. இப்போது தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, வரும் வண்டிகளைத் தானியங்கி மையங்களில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரும்புத் தட்டுகள் முன் சக்கரங்களை இப்படியும் அப்படியும் தள்ளுகின்றன. திரையில் முடிவு வருகிறது. எங்கள் சங்க மலரைத் தொகுக்கும் பர்வீன் போன் செய்து, "முன்னெல்லாம் கையாலயே எப்படி சார் பாத்தீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார். எழுத உட்கார்ந்தேன். கையால் பார்த்ததில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதையே எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஒரு வருடம் பணிமனை, பரீட்சை, நியமன உத்தரவு. வேலையைக் கற்றது தேவசகாயம் சாரிடம். மூத்த ஆய்வாளர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் தையல்காரர்களின் டேப் ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார். வண்டியைப் பார்க்கும்போது பேச மாட்டார். ஓட்டுநர் பேசினாலும் பதில் வராது. பார்த்து முடித்துக் கை கழுவிய பிறகுதான் வாய் திறப்பார். வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்திலிருந்து திரும்பும் எங்களிடம் அவர் முதலில் பார்ப்பது நகங்களை. நகம் சுத்தமாக இருந்தால், "வண்டியைப் பாத்தியா, வண்டிக்காரனைப் பாத்தியா?" என்பார்.

பழைய காரில் ஸ்டியரிங் ஆட்டத்தை அவர் பார்க்கும் முறை இது. ஸ்டியரிங் வளையத்தில் ஒரு வெள்ளை நூலைக் கட்டுவார். அதற்கு நேராக டாஷ்போர்டில் களிமண் உருண்டை வைத்து ஒரு கம்பித் துண்டைக் குத்துவார். நான் வெளியே குந்தி டயர்மேல் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். அவர் வளையத்தை மெல்லத் திருப்புவார். டயர் அசைந்த நொடியில் நான் "ம்" என்பேன். நூல் கம்பியைவிட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று டேப்பால் அளப்பார். பிறகு இடம் மாறுவோம். நான் வளையத்தை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட, அவர் காருக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துப் பார்ப்பார். முக்கியமானது டைராடு முனை. ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு அது. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு இரும்புக் குண்டு; மனிதனின் இடுப்பு மூட்டு மாதிரி. கிண்ணம் தேய்ந்தால் குண்டு உள்ளே தட்டும். அந்தத் தட்டல் உள்ளங்கைக்குத் தெரியும், காதுக்கு வராது. கடைசியாக ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, மூட்டுக்கு அடியில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து அழுத்திப் பார்ப்பார். ஒரு காருக்கு இருபது நிமிஷம் ஆகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

வண்டி தரும் உணர்வை அவர் நம்ப மாட்டார். குடியாத்தத்திலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவர் கார் கொண்டுவந்தார். "ஸ்டியரிங் வெண்ணெ மாதிரி இருக்கு சார். ஒத்த வெரல்ல திரும்புது" என்றார் பெருமையாக. சார் டிக்கியைத் திறந்தார். உள்ளே லுங்கிக் கட்டுகள். பின் சீட்டு முழுக்கவும் கட்டுகள். பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே நின்றது. எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு அளந்தார். நூல் நான்கு விரல் அகலம் போனது.

"இன்னா சார், இப்போ எரும மாட்டத் திருப்பற மாதிரி இருக்கு?"

சார் கை கழுவிவிட்டு வந்தார். "இதுதான் நைனா உன் வண்டி. இவ்ளோ நாளா முன் சக்கரம் தரையில பாதிதான் நின்னுது."

எங்கள் பக்கத்து வண்டிகளுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. தோல் ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு உப்பிட்ட பச்சைத்தோல் ஏற்றிவரும் லாரிகள் வழியெல்லாம் உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு போகும். பின்னால் வரும் கார்களின் அடியில் அது தெளிக்கும். கடலைக் காணாத வண்டிகள் கடற்கரை வண்டிகளைப்போல் துருப்பிடித்து வரும். மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் போதும், சில மாதத்தில் குண்டும் கிண்ணமும் போய்விடும்.

குமரேசனின் காரை நான் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. ஆம்பூர்க்காரர், அப்போது முப்பது வயதிருக்கும். சொந்தக் கார், வாடகைக்கு ஓட்டினார்; வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் சவாரிதான் அதிகம். எல்லாருக்கும் தெரிந்த அந்த வட்ட மூக்குப் பழைய மாடல். அன்று வரிசை கேட் வரைக்கும் நின்றது. தேவசகாயம் சார் விடுப்பில் இருந்தார். நான் நூல் கட்டினேன், அளந்தேன்; ஒரு விரல்கூட இல்லை. படுத்து டைராடு முனைகளைப் பிடித்தேன், குமரேசன் வளையத்தை ஆட்டினார். புது வண்டிபோல் கெட்டியாக இருந்தது. ஜாக்கி வைக்கவில்லை. கெட்டியாக இருக்கும் மூட்டை எதற்குத் தூக்கிப் பார்ப்பது என்று தோன்றியது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னேன்:

"பழைய வண்டின்னாலும் முன்பக்கத்த நல்லா வெச்சிருக்கப்பா."

அவர் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கார் ஆம்பூருக்கு வெளியே சர்வீஸ் சாலையில், ஷூ கம்பெனி ஷிப்டு விட்ட நேரத்தில், டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்த பெண்கள் பக்கம் ஏறியது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ராஜேஸ்வரி என்ற பெண்ணின் வலது காலில் சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை வண்டியை ஆய்வு செய்து அறிக்கை தர நான் போனேன். காவல் நிலையத்தின் பின்பக்கம், மணல் கடத்தலில் பிடித்த மாட்டு வண்டிகளுக்கு நடுவே கார் நின்றது. இடது முன் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி, வலது சக்கரம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலையத்தின் ரைட்டர், எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, ஒரு தாளை நீட்டினார்.

"வழக்கமான வரிதானே சார்? நானே டைப் அடிச்சி வெச்சிட்டேன். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா வேலை முடிஞ்சது."

'மேற்படி விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறு எதனாலும் ஏற்பட்டதல்ல.' அதற்கு முன் எத்தனையோ அறிக்கைகளில் நான் எழுதிய வரி. அநேகமாக எல்லாவற்றிலும் அது உண்மை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியிடம் போனேன்.

குமரேசனைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சத்தியமா சொல்றேன் சார். நான் வலது பக்கம்தான் திருப்பினேன். வண்டி கேக்கல."

இடது டைராடு முனை கழன்று தொங்கியது. மோதியதில் கழன்றதா, கழன்றதால் மோதியதா? கேள்வி அவ்வளவுதான். மோதலில் பிய்ந்திருந்தால் கிண்ணத்தின் உதட்டில் இரும்பு புதிதாகக் கிழிந்து வெள்ளையாகத் தெரியும். இதில் உதடு வழவழவென்று தேய்ந்து வளைந்திருந்தது. பல நாள் தேய்ந்து, குண்டு தானாக நழுவியிருக்கிறது. கிண்ணத்தின் அடிமூடி திருகு வகை. ஸ்பானர் போட்டுத் திறந்தேன். கறுப்பு கிரீஸ் வரும் என்று நினைத்தேன். வந்தது நீலப்பச்சைச் சேறு. அதற்குள் நைந்துபோன ஒரு வட்டு, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவு. விரலால் தேய்த்தேன். நார் நாராகப் பிரிந்தது. தோல்.

எங்கள் பக்கத்தில் இந்த நிறத்தை யாருக்கும் விளக்க வேண்டாம். குரோமியத்தில் பதப்படுத்தி, சாயம் ஏற்றாத தோலின் நிறம் அது. தேய்ந்த கிண்ணத்தின் அடியில் அதை வட்டமாக வெட்டி வைத்து மூடியைத் திருகினால் குண்டு மேலே இறுகும். ஆட்டம் போய்விடும். கையால் பிடித்துப் பார்த்தால் புது மூட்டு மாதிரி இருக்கும். ஜாக்கி வைத்து நெம்பினால் காட்டிக்கொடுக்கும். தோல் அமுங்கும், இரும்பு அமுங்காது. குண்டில் அம்மைத் தழும்புபோலத் துருக்குழிகள் இருந்தன. பதப்படுத்திய தோலில் மிச்சமிருக்கும் உப்பும் அமிலமும் ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும். அந்த ஆழத்துக்குத் தின்ன ஒரு வாரம் இரண்டு வாரம் போதாது.

அப்படியானால் நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அது உள்ளே இருந்திருக்கிறது.

குமரேசன் பக்கத்தில் வந்து குந்தினார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சார், அத எழுதாதீங்க."

"ஏன்?"

"ஜாஸ்தி ஸ்பீடா வந்தேன்னு எழுதிக்கோங்க. நான் உள்ள போறேன். அத வெச்சது மெக்கானிக் சேகரு. என் தங்கச்சி புருஷன். அது மாசமா இருக்குது சார்."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். எஃப்.சி.க்குத்தான் வெச்சான். புது முனை வந்ததும் மாத்திக்கலாம்னான். எல்லாரும் வைக்கிறதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களே முன்பக்கத்த நல்லா வெச்சிருக்கன்னு சொன்னீங்களே சார். அப்புறம் எதுக்கு மாத்தறதுன்னு வுட்டுட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அந்த முற்றத்தில் எல்லாருக்கும் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. ரைட்டருக்கு வேலை முடியும். குமரேசனின் மச்சான் தப்புவார். என் கையெழுத்தும் தப்பும். தோலை ஒரு செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சாட்சியாக எடுத்தேனா, மறைக்க எடுத்தேனா என்று இன்றைக்குக் கேட்டால் தெரியவில்லை. "ஆபீஸ்ல வெச்சி எழுதி அனுப்பறேன்" என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அந்தத் தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

அலுவலகத்தில் தேவசகாயம் சார் மேசையில் இருந்தார். தாளை நீட்டினேன். படித்தார். பிறகு வழக்கம்போல் என் விரல்களைப் பார்த்தார்.

"இது இன்னா கலர்?"

என் வலது கையை இழுத்து ஆள்காட்டி விரல் நகத்தடியைத் தன் பேனா மூடியின் கிளிப்பால் சுரண்டி, தாளின் ஓரத்தில் தடவினார். டைப் அடித்த வரிக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

"எங்க இருந்துச்சி?"

"இடது டைராடு முனையில சார்."

"எஃப்.சி. யாரு குடுத்தது?"

"நான்தான்."

"ஜாக்கி வெச்சியா?"

"இல்ல சார். வரிசை ஜாஸ்தியா இருந்துச்சி."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினார். அவர் எந்த வண்டியையும் தொட்டிருக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பாத்தத முதல்ல எழுது. அப்புறம், பாக்காம வுட்டத எழுது."

"சார், அந்தாளே எழுத வேணாம்னு... வெச்சது அவன் தங்கச்சி புருஷனாம், தங்கச்சி மாசமா இருக்குதாம்..."

"அந்தாளுக்கு ஒரு தங்கச்சி. இந்த மாதிரி வண்டி இன்னும் எத்தினி ஓடுது? அதுல எத்தினி உன் கையெழுத்து? சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது. அதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டின் நிலை, உதட்டின் தேய்மானம், துருக்குழி, தோல் வட்டு எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிப் பத்தி: 'இக்குறைபாடு நான்கு மாதங்களுக்கு முன் என்னால் தகுதிச் சான்று வழங்கப்பட்ட நாளிலும் இருந்திருக்க வேண்டும். அன்று முன் அச்சைத் தூக்கி நான் சோதிக்கவில்லை.' சார் படித்து, 'வேண்டும்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, ஒன்றும் திருத்தாமல் தோல் வட்டோடு மேலே அனுப்பினார்.

மெமோ வந்தது. மைதானத்திலிருந்து எடுத்து ஒரு வருடம் லைசென்ஸ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அந்த மாடல் கார்களை எல்லாம் திரும்ப வரவழைத்தோம். ஜாக்கி வைத்து, அடிமூடி திறந்து பார்த்தது தேவசகாயம் சார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வண்டிகளில் தோல் இருந்தது. ஐந்தில் என் கையெழுத்து.

கோர்ட்டில் நான் சாட்சி சொன்ன அன்று ராஜேஸ்வரியும் வந்திருந்தார். கம்பெனியில் அவருக்குக் கட்டிங் பிரிவில் வேலை. தோலில் பழுது பார்த்து ஒதுக்கி வெட்டுவது. சேகர் தரப்பு வக்கீல் அந்த வட்டு இருந்த உறையை அவரிடம் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்ற பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டும். ராஜேஸ்வரி ஊன்றுகோலைக் கூண்டில் சாய்த்துவிட்டு, உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்பிளிட்டு சார். தோலைப் பொளந்தா மேல் தோலு ஷூவுக்குப் போவும். இது அடித்தோலு. இதுலயும் இது கழிசல். உள்பட்டைக்குக்கூட நாங்க எடுக்க மாட்டோம்." உறையைத் திருப்பிக் கொடுத்தார். "இதையா சார் சக்கரத்துல வெச்சாங்க?"

அந்தக் கேள்வி பதிவாகவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பது என் அறிக்கையின் கடைசிப் பத்தியில் இருந்தது; அதை அங்கே யாரும் வாசிக்கவில்லை.

குமரேசனுக்கு மூன்று மாதம் ஜெயில். சேகருக்கு ஆறு மாதம்.

சில வருடம் கழித்து நான் மைதானத்துக்குத் திரும்பியிருந்தபோது குமரேசன் வேறொரு பழைய காரோடு வரிசையில் வந்தார். அவர் முறை வந்ததும் ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்தார். ஸ்பானரை எடுத்து டைராடு முனைகளின் அடிமூடிகளைத் தானே கழற்றி, ஸ்பிரிங், தட்டு, மூடி என்று வரிசையாகத் தாளின்மேல் வைத்தார்.

"பாத்துக்கோங்க சார். உள்ள இரும்புதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாடா பேஜார் பண்றான், கடை விரிச்சிட்டான்" என்றார் ஒருவர். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பிறகு ஜாக்கியும் வைத்தேன். அடுத்த வருடமும் அப்படியே செய்தார். நான் ஓய்வு பெறும்வரை ஒரு வருடம்கூட அவர் தாளை விரிக்காமல் இருந்ததில்லை. கோபமா, மரியாதையா, எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் ஒரு தானியங்கி மையத்துக்குப் போய்ப் பார்த்தேன். தட்டுகள் அசைவதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தோல் வைத்த மூட்டு இதில் மாட்டுமா என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "தோலா?" என்றார். மாட்டலாம், என் கையைவிட அந்தத் தட்டுகளுக்குப் பலம் அதிகம். ஆனாலும் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நின்றேன். வெளிவாசலில் குமரேசன் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது.

"இன்னா சார், ரிட்டயர் ஆயியும் இங்கயா?"

"உன் வண்டி இன்னா ஆச்சு?"

"பாஸ் ஆயிடுச்சி சார். பேப்பர் விரிக்கப் போனேன், வுடல. உள்ள எதுவும் கழட்டக் கூடாதாம்."

"சேகர் எப்படி இருக்கான்?"

"என்னாண்ட பேசறதில்ல சார். தங்கச்சி பேசும். பண்டிகைக்கு, போன்ல." கதவைத் திறந்தார். "வேலூருதானே? ஏறுங்க, வுட்டுடறேன்."

அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டார். நான் ஏறவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தி, கையை உள்ளே விட்டு டைராடு முனையைத் தேடிப் பிடித்தேன். மேலே குமரேசன் சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டத் தொடங்கினார், பழைய அளவில், பழைய வேகத்தில்.

கையில் எதுவும் தட்டவில்லை. கெட்டியாக இருந்தது.

அன்றைக்கும் கெட்டியாகத்தான் இருந்தது.

"ஜாக்கி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். ஜாக்கி மேலாகவே இருந்தது, மடித்த செய்தித்தாளின்மேல்.